இதயம் எழுதும் கோடுகள்

உடம்புக்கு ஒன்று என்றால் வைத்தியர் வந்து மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்த காலம் ஒன்று உண்டு. மூன்று விரல்களை வைத்துச் சற்றுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, வாதமா, பித்தமா, ஐயமா என்று அவர் சொல்லுவார். இன்று அதே நோயாளியைக் கட்டிலில் படுக்கவைத்து, கைகால்களிலும் மார்பிலும் கம்பிகளைப் பொருத்தி, சில நொடிகளில் ஒரு தாளை இழுத்து எடுத்துவிடுகிறார்கள். ஈ.சி.ஜி. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் இதய மின்வரைபடம் அதுவே.

பெரியவர்கள் உள்ள வீடுகளில் அலமாரியைத் திறந்தால், எக்ஸ்ரே உறைகளுக்கு நடுவே இத்தகைய தாள் ஒன்றிரண்டாவது அகப்படும். எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்புக் கட்டங்களின்மேல் கறுப்புக் கோடு ஏறி இறங்கி ஓடும். (இத்தாள்களில் பல வெப்பத்தால் அச்சாகுபவை. சில ஆண்டுகளில் எழுத்தே மறைந்துவிடும். ஆகையால் ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது.) தாளின் தலைப்பில் 'நார்மல்' என்றோ 'அப்நார்மல்' என்றோ தொடங்கும் சில ஆங்கிலச் சொற்கள் அச்சாகியிருக்கும். அவற்றை எழுதியவர் டாக்டர் என்றே வீட்டில் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அவற்றை எழுதியது கோட்டை வரைந்த அந்தக் கருவியே! டாக்டர் பார்க்கும் முன்பே அது தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறது. அடியில் சிறிய எழுத்தில், 'மருத்துவர் உறுதி செய்யவில்லை' என்னும் பொருள்பட ஒரு வரியும் இருப்பதுண்டு.

அந்தக் கருவியின் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? டாக்டரைவிட அது நன்றாகப் படிக்குமா? செயற்கை நுண்ணறிவு என்று இன்று எங்கும் பேசப்படும் புதிய முறை இதில் என்ன மாறுதலைச் செய்திருக்கிறது? இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றத்தில் இக்கேள்விகளை எடுத்துக்கொண்டோம். நாங்கள் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

முதலில் அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று தெரியவேண்டும். இதயத்தின் மேற்புறத்தில், வலது ஆரிக்கிளின் சுவரில், சைனஸ் கணு என்றொரு சிறிய திசு உள்ளது. ஒவ்வொரு துடிப்புக்கும் அங்கிருந்தே மின்தூண்டல் புறப்படுகிறது. அது ஆரிக்கிள்கள் வழியே பரவி, நடுவில் ஒரு கணம் தாமதித்து, பிறகு வெண்ட்ரிக்கிள்களுக்குள் பாய்கிறது. மின்தூண்டல் சென்ற வழியில் தசை சுருங்குகிறது, இரத்தம் தள்ளப்படுகிறது. இந்த மின்சாரத்தின் மிகச்சிறு பங்கு நம் தோல்வரை வந்து சேருகிறது. அதன் அளவு ஒரு வோல்ட்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். டார்ச் விளக்கில் போடும் ஒரு செல்லின் ஒன்றரை வோல்ட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு அற்பம் என்பது விளங்கும்.

இந்த அற்ப மின்சாரத்தை மனித உடலின் மேற்புறத்தில் முதன்முதல் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர் என்னும் உடலியல் அறிஞர். ஆண்டு 1887, இடம் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனை. அவர் ஜிம்மி என்றொரு நாய் வளர்த்தார். அதன் கால்களை உப்புநீர்ப் பாத்திரங்களில் நிற்கவைத்து, அறிஞர் கூட்டங்களில் இதயத் துடிப்பைக் காட்டுவார். இது கொடுமை என்று 1909-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது. நாய் நின்றது வெறும் உப்புத் தண்ணீரில்தான் என்று அமைச்சர் விளக்க நேர்ந்தது! விந்தை என்னவெனில், வாலரே இந்த முறை மருத்துவமனைகளில் பெரிதாகப் பயன்படும் என்று நினைக்கவில்லை.

அதைப் பயன்படச் செய்தவர் ஹாலந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகத்தின் வில்லெம் ஐந்தோவன். இவர் 1860-இல் ஜாவாத் தீவில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயோடு ஹாலந்து திரும்பியவர். மயிரிழையினும் மெல்லிய, வெள்ளி பூசிய குவார்ட்ஸ் நூல் ஒன்றை வலிய காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, இதய மின்சாரம் அதில் பாயும்போது நூல் அசைவதை ஒளியின் உதவியால் படம் பிடித்தார். உருக்கிய குவார்ட்ஸை அம்பில் ஒட்டி எய்து அத்தகைய நூலை இழுப்பது அக்கால வழக்கம் என்று படித்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ச் சாடிகளில் அமிழ்த்தி உட்கார்ந்திருப்பார். கருவியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக இயலாமையால், 1905-இல் ஐந்தோவன் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து டெலிபோன் கம்பி வழியே நோயாளியின் துடிப்பைத் தம் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். அலைகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று அவர் இட்ட பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனித் தாளைப் படிப்போம். நம் கணக்கு நோட்டின் கிராப் தாளைப் போன்றதே இது. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஆதலால் ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. முதலில் வரும் சிறு மேடு பி அலை. அது ஆரிக்கிள்களின் வேலை. அடுத்து ஊசிபோல் நிமிர்வது ஆர். அதன் இருபுறமும் உள்ள பள்ளங்கள் க்யூவும் எஸ்ஸும். இவை வெண்ட்ரிக்கிள்களுக்கு உரியவை. கடைசியில் வரும் வளைந்த மேடாகிய டி, தசை மீண்டும் மின்னூட்டம் பெறுவதைக் காட்டும். ஓர் ஆர் ஊசிக்கும் அடுத்த ஆர் ஊசிக்கும் நடுவே எத்தனை பெரிய கட்டங்கள் என்று எண்ணி, 300-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது வரும். நான்கு கட்டமாயின் 75. இவ்வளவையும் எட்டாம் வகுப்புத் தங்கையர்கூடச் செய்துவிடலாம்.

ஆனால் கோடு ஒன்றன்று, பன்னிரண்டு. உடலில் பொருத்தும் எலக்ட்ரோடுகள் பத்துத்தான் என்றாலும், அவற்றை வெவ்வேறு விதமாகச் சேர்த்து, பன்னிரண்டு கோணங்களிலிருந்து இதயத்தைப் பார்க்கிறார்கள். நம் பள்ளிக் கட்டிடத்தைப் பன்னிரண்டு இடத்தில் நின்று படம் எடுத்தால், ஒன்றில் வாயிற்படி தெரியும், இன்னொன்றில் அது மறைந்துவிடும் அல்லவா? இதயத்தின் அடிப்புறத்தில் வந்த மாரடைப்பு சில கோடுகளில் மட்டும் தெரியும். முன்புறத்தில் வந்தது வேறு கோடுகளில் தெரியும். எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடையிலுள்ள பகுதி ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்திருப்பதே சில வேளைகளில் உயிருக்கு ஆபத்து என்று அறிவிக்கும் அடையாளம். ஒரு கடுகளவு உயரம்! அதைப் பிடிக்கவேண்டும், அது இந்த மனிதருக்கு எப்போதும் உள்ளதுதானா, இன்றைக்கு வந்ததா என்றும் தெரிய வேண்டும்.

இதை டாக்டர்கள் எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள்? டாக்டர்கள் தவறே செய்யமாட்டார்கள் என்பது நோயாளிகளின் நம்பிக்கை. டாக்டர்களே அப்படி எண்ணுவதில்லை. 2020-இல் அமெரிக்க மருத்துவ ஆசிரியர்கள் 78 ஆய்வுகளையும் அவற்றில் தேர்வு எழுதிய பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் தொகுத்துப் பார்த்தனர். தனிப்பயிற்சி தருமுன் நடந்த ஈ.சி.ஜி. தேர்வுகளில் மருத்துவ மாணவர்கள் எடுத்தது நூற்றுக்கு 42. மேற்பயிற்சி பெறும் இளம் டாக்டர்கள் 55.8. தொழில் செய்யும் டாக்டர்கள் 68.5. இதய நிபுணர்கள் 74.9. தேர்வுத் தாள்கள் ஒரே கடினமுள்ளவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். எளிய தாள்களைத் தேர்வில் யார் கொடுப்பார்கள்? ஆயினும் இந்த மதிப்பெண்களைக் கண்டபோது, வகுப்பில் நாங்கள் வாங்குவதைப் பற்றி எங்களுக்குச் சற்று ஆறுதல் பிறந்தது உண்மையே.

இயந்திரம் இத்துறைக்கு வந்தது நேற்றன்று. 1950-களின் இறுதியிலேயே, வாஷிங்டனில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் ஹூபர்ட் பிப்பெர்கர் என்பவர் ஈ.சி.ஜி. கோட்டை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கத் தொடங்கினார். அக்காலக் கம்ப்யூட்டர் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். அந்தப் பழைய முறையில், மனிதர் எழுதிய விதிகளை இயந்திரம் பின்பற்றும். 'இந்த அலை இத்தனை கட்டம் அகலமாயின் இது. இத்தனை உயரமாயின் அது' என்று டாக்டர்கள் விதிகளைச் சொல்ல, பொறியாளர்கள் அவற்றைக் கணக்காக மாற்றினார்கள். நம் வீட்டு அலமாரித் தாளின் தலைப்பில் உள்ள வாசகங்களில் பெரும்பாலானவை இம்முறையில் பிறந்தவையே.

அந்த இயந்திரங்களை நிபுணர்களோடு நேருக்கு நேர் நிறுத்திய பெரும் பரிசோதனை, பெல்ஜியம் நாட்டு லூவன் நகரத்தைச் சேர்ந்த பேராசிரியர் வில்லெம்ஸ் தலைமையில் நடந்தது. முடிவு 1991-இல் வெளியாயிற்று. 1220 பேருடைய ஈ.சி.ஜி. தாள்கள், 9 கம்ப்யூட்டர் முறைகள், 8 இதய நிபுணர்கள். நாங்கள் படித்தவற்றுள் எங்களுக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இதுதான். காரணம் சொல்கிறோம். தேர்வு வைக்கவேண்டுமானால் சரியான விடை எது என்பது முதலில் தெரியவேண்டும். இதய நிபுணர் ஒருவர் சொல்வதையே சரியான விடை என்று வைத்துக்கொண்டால், நிபுணரை இயந்திரம் ஒருநாளும் வெல்ல முடியாது. அவரோடு ஒத்துப்போக மட்டுமே முடியும். ஆகவே வில்லெம்ஸ் குழுவினர், ஈ.சி.ஜி.யைத் தொடாமல், எக்கோ முதலிய வேறு பரிசோதனைகளைக் கொண்டு ஒவ்வொரு நோயாளிக்கும் உண்மையில் என்ன நோய் என்று முன்கூட்டியே நிச்சயித்தார்கள். விடைத்தாள் இருவருக்கும் பொதுவாயிற்று. மனிதர், இயந்திரம் இருவரும் தவறக்கூடியவர்களே என்ற நேர்மையான ஏற்பாடு இது.

முடிவு என்ன? இயந்திரங்கள் நடுத்தரமாக நூற்றுக்கு 69.7 சரியாகச் சொல்லின, நிபுணர்கள் 76.3. வேறுபாடு 6.6. சிறிதாகத் தோன்றினாலும் 1220 பேரில் அது ஏறத்தாழ 80 பேர். ஆயினும் இயந்திரங்களுள் சிறந்தவை, நிபுணர்களுள் சிறந்தவர்களை ஏறக்குறைய எட்டிப்பிடித்துவிட்டன. நிபுணர்களும் நான்கில் ஒரு பங்கு தவறினார்கள் என்பதைக் கவனியுங்கள். அதற்கு அவர்களுடைய அறிவைக் குறை சொல்வதற்கில்லை. தாளில் இல்லாததைத் தாளிலிருந்து யாராலும் படிக்க முடியாது.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றொரு நோய்நிலை உண்டு. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். பி அலை காணாமற்போகும். துடிப்பு தாளம் தப்பும். அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். ஆகையால் இந்நோயாளிகளில் பலருக்கு இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுக்கிறார்கள். அம்மருந்து உயிர் காக்கும். தேவையில்லாதவருக்குக் கொடுத்தால் இரத்தப்போக்கை உண்டாக்கும். இப்போது இயந்திரத்தின் நிலையைப் பாருங்கள். நோயாளியின் கை நடுங்கினாலோ, எலக்ட்ரோடு தளர்ந்திருந்தாலோ கோடு முழுதும் சிறு சிறு அதிர்வுகள் வரும். அவற்றுள் பி அலை மறைந்துபோகும். இயந்திரம் உடனே 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று அச்சிட்டுவிடும்!

அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, அவ்வாறு அச்சான 2298 தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. அவை 1085 நோயாளிகளுடையவை. 442 தாள்களில், அதாவது 382 பேர் விஷயத்தில், இயந்திரம் சொன்னது தவறு. அந்த 382 பேரில் 92 பேருடைய டாக்டர்களும் தவறைத் திருத்தாமல் விட்டுவிட்டனர். தேவையற்ற மருந்தும் பரிசோதனைகளும் அதன் பயனாக விளைந்தன. இயந்திரம் பிழை செய்தது ஒரு பங்கு. அச்செழுத்தில் இருப்பதால் நம்பிவிடும் மனித சுபாவம் மற்றொரு பங்கு. எங்கள் கருத்தில் இரண்டாவதே பெரிய ஆபத்து. அச்சில் வந்தது பொய்யாகாது என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் இருக்கிறது.

இனிப் புதிய முறைக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவில் யாரும் விதிகளை எழுதிக் கொடுப்பதில்லை. ஒரு குழந்தைக்குப் பூனை இன்னது என்று இலக்கணம் சொல்லியா கற்பிக்கிறோம்? 'இதோ பூனை, அதோ பூனை' என்று பலமுறை காட்டுகிறோம். அது தானே தெரிந்துகொள்கிறது. அதுபோல இலட்சக்கணக்கான ஈ.சி.ஜி.களையும், ஒவ்வொன்றுக்கும் உரிய விடையையும் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறார்கள். அது ஒரு விடையை ஊகிக்கும், தவறினால் தன் உள்ளே உள்ள எண்களைச் சிறிது மாற்றிக்கொள்ளும், மறுபடி ஊகிக்கும். இப்படிப் பல இலட்சம் முறை. கடைசியில் அது எதைப் பார்த்து விடை சொல்கிறது என்பதை அதைச் செய்தவர்களாலும் முழுதாக விளக்க முடிவதில்லை.

2019-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார், கருவி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, 53,549 பேர் மார்பில் ஒட்டி அணிந்திருந்த சிறு கருவிகளிலிருந்து 91,232 பதிவுகளை எடுத்து இவ்வாறு பயிற்றினார்கள். தாளம் தப்பும் நோய்களை மட்டுமே அது பார்த்தது. பன்னிரண்டு வகையாகப் பிரிக்கவேண்டும். பிறகு வேறு 328 பேருடைய பதிவுகளைக் கொண்டு தேர்வு. நோயைத் தவறவிடாமையையும், இல்லாததை உண்டென்று சொல்லாமையையும் சேர்த்து அளக்கும் மதிப்பெண்ணில் இயந்திரம் 0.837, நிபுணர்கள் சராசரி 0.780. மனிதரை இயந்திரம் வென்றது என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் இங்கே சரியான விடையை நிச்சயித்தது எது? நிபுணர்கள் குழுவாகக் கூடி எடுத்த முடிவு. ஆகவே பலர் கூடிச் சொன்னதைத் தனியொரு நிபுணரைவிட இயந்திரம் நன்றாகப் பின்பற்றியது என்பதே நேரான பொருள். லூவன் விடைத்தாளுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைக் கவனிக்கவேண்டும்.

பிரேசில் நாட்டுச் செய்தி எங்களை அதிகம் கவர்ந்தது. அங்கே மீனாஸ் ஜெராய்ஸ் என்றொரு மாநிலம், பிரான்சு தேசத்தைவிடப் பரப்பில் பெரியது. இதய நிபுணர்கள் இருப்பது நகரங்களில். நோயாளிகள் இருப்பதோ மலையூர்களிலும் சிற்றூர்களிலும். ஆகவே சிற்றூரில் எடுத்த ஈ.சி.ஜி.யைத் தொலைத்தொடர்பு மூலம் அனுப்பி, நகரத்து நிபுணர்களைக் கொண்டு படிக்கச் செய்யும் ஏற்பாடு ஒன்றை நிறுவினார்கள். ஐந்தோவனின் டெலிபோன் கம்பி நினைவுக்கு வருகிறதல்லவா? 2010 முதல் 2016 வரை அவ்வாறு சேர்ந்த இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களே பாடப்புத்தகம் ஆயின. 2020-இல் முடிவு வெளியாயிற்று. 827 தாள்களில் நடந்த தேர்வில், இதயத் துறையில் பயிற்சி பெறும் டாக்டர்கள், அவசரப் பிரிவில் பயிற்சி பெறும் டாக்டர்கள், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஆகிய மூவகையினரோடும் இயந்திரம் போட்டியிட்டு, அவர்களுக்கு ஈடாகவோ மேலாகவோ நின்றது.

கேட்க மகிழ்ச்சிதான். ஆனால் அது கண்டுபிடித்த நோய்நிலைகள் எத்தனை? ஆறு. துடிப்பு மிக மெதுவாதல், மிக விரைவாதல், மேலறை நடுக்கம், மின்தூண்டல் செல்லும் பாதையில் வரும் மூவகைத் தடைகள். மாரடைப்பு அந்த ஆறில் இல்லை! நள்ளிரவில் மார்வலியென்று சிற்றூர் மருத்துவமனைக்கு ஓடிவரும் தாய்க்கு வேண்டிய முதற்கேள்விக்கு அந்த இயந்திரத்திடம் விடை கிடையாது. 'டாக்டருக்கு நிகர்' என்று படிக்கும்போதெல்லாம், எந்தக் கேள்வியில், எந்த டாக்டருக்கு என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு இதிலிருந்தே வந்தது.

டாக்டரால் இயலாததை இயந்திரம் செய்வதும் உண்டு. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் 44,959 பேருடைய ஈ.சி.ஜி.யையும் எக்கோவையும் சேர்த்துக் கொடுத்துப் பயிற்றினர். இதயம் இரத்தத்தைத் தள்ளும் வலிமை குன்றியிருக்கிறதா என்பதை ஈ.சி.ஜி.யிலிருந்தே அது சொல்லக் கற்றது. எந்த நிபுணரின் கண்ணுக்கும் தாளில் அது நேரே தெரிவதில்லை. 2019-இல் வெளியான அந்த முடிவின்படி, 52,870 பேரிடம் சோதித்ததில் நூற்றுக்கு 85.7 சரி. ஒரு விந்தையும் உண்டு. வலிமை குன்றியது என்று இயந்திரம் சொல்லி, எக்கோவில் நன்றாகவே இருந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பிற்காலத்தில் அவர்களுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அதே நிலையத்தின் இன்னொரு ஆய்வில், வெறும் ஈ.சி.ஜி.யைப் பார்த்து ஆணா பெண்ணா என்று நூற்றுக்கு தொண்ணூறு முறை இயந்திரம் சரியாகச் சொல்லிற்று. வயதைச் சராசரி ஏழாண்டுப் பிழைக்குள் சொல்லிற்று. நம் இதயம் நம்மைப் பற்றி இவ்வளவு எழுதிவைக்கிறது என்று யார் கண்டார்கள்!

இது நோயாளிகளுக்குப் பயன்பட்டதா என்றும் சோதித்திருக்கிறார்கள். 2021-இல் வெளியான பரிசோதனையில் 120 மருத்துவக் குழுக்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இயந்திரத்தின் எச்சரிக்கையைக் காட்டினர். நோயாளிகள் 22,641 பேர். எச்சரிக்கை பெற்ற பக்கத்தில் ஆயிரத்துக்கு 21 பேரிடம் இதய வலிமைக் குறைவு புதிதாகக் கண்டறியப்பட்டது; மறுபக்கத்தில் 16 பேர். ஆயிரத்தில் ஐந்து பேர். அந்த ஐவரின் வீட்டாருக்கு அது சிறிய எண் அன்று.

நாட்கணக்கில் ஓடும் நீண்ட பதிவுகளைப் படிப்பதில் இயந்திரத்துக்கு இன்னும் எளிதான வெற்றி. அதற்குச் சோர்வு இல்லை. ஒரு நாளில் இதயம் சுமார் ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. அத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பதென்றால் கண் அயர்ந்துவிடும். 14,606 நோயாளிகளின் அத்தகைய பதிவுகளைப் பற்றிய ஆய்வு 2025-இல் வந்தது. அபாயமான தாளத் தவறுகளில் இயந்திரம் நூற்றுக்கு 98.6-ஐக் கண்டுபிடித்தது. பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் 80.3. இயந்திரம் ஆயிரம் பேரில் மூவரைத் தவறவிட்டது, மனிதர் நாற்பத்துநால்வரை. ஆனால் இல்லாததை உண்டென்று கூவுவதில் இயந்திரமே முந்திற்று. ஆயிரம் நாள் பதிவுக்கு மனிதர் 5 முறை பொய்யெச்சரிக்கை கொடுக்க, இயந்திரம் 12 முறை கொடுத்தது. 'புலி வருது' என்று சொன்ன சிறுவனின் கதையை எல்லோரும் அறிவோம். எனினும் புலி உண்மையில் வரும்போது வாய் திறக்காத காவலனைவிட இவன் மேல் என்றே எங்களில் பெரும்பாலோர் கருதினோம். இரண்டு தோழியர் மட்டும் இறுதிவரை ஒப்பவில்லை. பொய்யெச்சரிக்கையால் ஏழை நோயாளிக்கு ஆகும் செலவையும் கவலையையும் யார் ஏற்பது என்று அவர்கள் கேட்டார்கள். அதற்கு எங்களால் நல்ல விடை சொல்ல முடியவில்லை.

பெண்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது என்றே சினிமாவில் காட்டுகிறார்கள். பெண்களுக்கு நெஞ்சு வலியோடு, அல்லது அது இல்லாமலும், மூச்சிரைப்பு, வாந்தி, தாடையிலும் முதுகிலும் வலி, காரணமில்லாத களைப்பு என்று வருவது அதிகம். 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பும் அம்மாக்களையும் பாட்டிமாரையும் நாம் அறிவோம். முதலில் எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருப்பதாலேயே மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. நல்ல டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார், வியர்வையைப் பார்க்கிறார், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறார், சற்றுநேரம் கழித்து மறுபடி ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்கிறார். இயந்திரத்துக்குக் கிடைப்பது அந்தத் தாள் ஒன்றே.

அந்தத் தாளும் சரியாக எடுக்கப்பட்டிருக்கவேண்டும். வலக்கைக் கம்பியை இடக்கையிலும் இடக்கைக் கம்பியை வலக்கையிலும் மாற்றிப் பொருத்திவிட்டால், முதற்கோடு தலைகீழாகிவிடும். மார்பின் எலக்ட்ரோடுகளை உரிய இடத்துக்கு ஒரு விலா மேலே ஒட்டிவிட்டால், நல்ல இதயத்திலும் பழைய மாரடைப்பின் சாயல் தோன்றக்கூடும். பெண்களுக்கு எடுக்கும்போது, அவர்களுடைய கூச்சத்தையும் மரியாதையையும் எண்ணி, ஆடைக்குள் கை போன இடத்தில் ஒட்டிவிடுவது உண்டு. நன்னோக்கத்தால் வரும் இப்பிழையை எந்தச் செயற்கை நுண்ணறிவும் முழுதாகச் சரிக்கட்ட முடியாது. திரை கட்டி, பெண் ஊழியர் ஒருவர் பொறுமையாகச் செய்தால் போதும்.

செவிலியர் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் தோழியர் இதைக் குறித்துக்கொள்க. கழுத்தின் அடியில், மார்பெலும்பின் உச்சியில் ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்கிருந்து விரலைக் கீழே நகர்த்தினால் சிறிய மேடு ஒன்று வரும். அதற்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாம் விலா. அதன் அடியில் இரண்டாம் இடைவெளி. அங்கிருந்து மூன்று, நான்கு என்று எண்ணி இறங்கவேண்டும். நான்காம் இடைவெளியில், மார்பெலும்பின் வலது ஓரத்தில் முதல் எலக்ட்ரோடு. அதற்கு நேரே இடது ஓரத்தில் இரண்டாவது.